பரண் எத்தனை அடி உயரம் கட்டலாம், டாக்டர்?

1/


போன வாரம் இன்பாக்ஸில் ஒரு கேள்வி வந்தது.

"டாக்டர், எங்க கொல்லையில மான், பன்னித் தொல்லை தாங்கல. காவலுக்குப் பரண் கட்டப் போறோம். எத்தனை அடி வரைக்கும் கட்டலாம்? சட்டத்துல அளவு ஏதும் இருக்கா? மான் வேட்டைக்குக் கட்டுனதுன்னு பின்னாடி கேஸ் ஆகிடாதுல்ல?"

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. இதே பயம் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தரோட காலை வாங்கியிருக்கு. அதில் எனக்கும் பங்கு இருக்கு. அதனால இந்த த்ரெட் கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

2/
முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம்.

நம்ம நாட்டில் இருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதன் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. "வேட்டை" என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லைங்க. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான்.

வேட்டையே கூடாது என்னும்போது, வேட்டைப் பரணுக்கு உயர அளவு எங்கிருந்து வரும்? எட்டடி என்றாலும் குற்றம், இருபதடி என்றாலும் குற்றம்.

3/
ஒரு காலத்தில் இந்தச் சட்டத்திலேயே லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1972இல் எழுதிய 17ஆம் பிரிவில் அதற்கான கட்டுப்பாடுகள் வரிசையாக இருந்தன. ராத்திரியில் வேட்டையாடக் கூடாது. விளக்கு அடிக்கக் கூடாது. வண்டியில் இருந்து சுடக் கூடாது. தண்ணி குடிக்க வரும் இடத்தில் காத்திருந்து அடிக்கக் கூடாது. அந்த வரிசையிலும் பரணுக்கு இத்தனை அடி என்று இல்லை.

1991இல் வந்த திருத்தம் அந்த லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டது.

4/
சரி, வேட்டை அனுமதி உள்ள நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் என் வகுப்புத் தோழனிடம் கேட்டேன். அங்கே மான் வேட்டைக்கு சீசன் உண்டு, லைசென்ஸ் உண்டு, மரத்தில் பரண் கட்டி உட்காருவதும் சாதாரணம். வர்ஜீனியா மாநிலத்தில் சில கவுண்டிகளில் ரைஃபிளால் மான் சுட வேண்டும் என்றால் பரண் தரையில் இருந்து குறைந்தது 10 அடி உயரத்தில் இருக்கணும்.

கவனிச்சீங்களா? "குறைந்தது".

நாம "இதுக்கு மேல ஏறாதே" என்று ஒரு விதியைத் தேடுறோம். அங்கே "இதுக்குக் கீழ இருந்து சுடாதே" என்று விதி.

5/
காரணம் தோட்டா. தரையில் நின்று நேராகச் சுட்டால், குறி தவறிய தோட்டா ரொம்ப தூரம் போய் யார் வீட்டுச் சுவரிலாவது, யார் மேலாவது பாயும். உயரத்தில் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் மண்ணில் புதையும். அந்த விதி கீழே நடந்து போகிறவரைக் காப்பாற்ற எழுதப்பட்டது. மேலே இருக்கிறவர் விழுந்தால் என்ன ஆகும் என்பது அதன் கவலை இல்லை.

ஜெர்மனியில் அந்தக் கவலைக்கும் ஒரு விதி இருக்கு. வேட்டைப் பரணை ஒவ்வொரு முறை ஏறும் முன்னாலும் பார்க்கணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசாச் சோதிக்கணும் என்று விபத்துத் தடுப்பு விதியில் வைத்திருக்கிறார்கள். மட்கிய படி ஒன்று போதும் என்பது அவர்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

6/
ஆக, இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்கு சட்டப்படி பதில் இவ்வளவுதான்: வெள்ளாமையைக் காக்கப் பரண் கட்டி உட்கார்ந்து, தகரத்தைத் தட்டி விரட்டுவது வேட்டை ஆகாது. பரண் கட்டியதற்காக மட்டும் மான் கேஸ் வராது. கண்ணியோ, துப்பாக்கியோ, நாட்டு வெடியோ, கறியோ இருந்தால்தான் கதை வேறு.

இது தெரியாததால் ஒருத்தர் என்னிடம் பொய் சொன்னார். நான் அதை நம்பினேன்.

இனி அவர் கதை. அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றார். நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரும் இங்கே தேவையில்லை.

7/
ஐப்பசி மாசம். ராத்திரி முழுக்க மழை. நைட் டூட்டியில் நான் ஒருத்தன்தான். அன்னைக்கு ஒரு விஷம் குடிச்ச கேஸ், ரெண்டு விபத்து, வலிப்போட வந்த ஒரு குழந்தை. விடிகாலை நாலரை மணிக்கு ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்னது. ஓட்டுறவர் பக்கத்துக் கொல்லைக்காரர், பின்னாடி மகன். ரெண்டு பேருக்கும் நடுவில் உட்காரவைத்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க.

ஐம்பத்து நாலு வயசு. லுங்கியெல்லாம் செம்மண். ரெண்டு குதிகாலும் வீங்கியிருக்கு.

"என்ன ஆச்சுங்கய்யா?"

"வரப்புல வழுக்கிட்டேன் தம்பி."

மகன் தரையைப் பார்த்தான். பக்கத்துக் கொல்லைக்காரர் வெளியே போய்விட்டார்.

8/
நான் கால் விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். ரெண்டு பாதத்துக்கும் எக்ஸ்ரே எழுதினேன். ரெண்டு பக்கமும் குதிகால் எலும்பு உடைஞ்சிருந்தது. ஸ்லாப் போட்டேன்.

"இடுப்பு லேசா வலிக்குது தம்பி, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றார். போட்டேன். காலையில் எலும்பு டாக்டரைப் பாருங்க என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் முதுகை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

இந்த வரியை எழுத எனக்கு மூணு வருஷம் ஆகியிருக்கு.

9/
மருத்துவம் படித்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீங்க. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

உயரத்தில் இருந்து ஒருத்தர் காலூன்றி விழும்போது, மொத்த வேகமும் குதிகாலில் இறங்கும். அங்கேயே நிற்காது. முழங்கால், இடுப்பு வழியாக ஏறி முதுகெலும்புக்குப் போகும். மார்பு முதுகெலும்பு முடிந்து இடுப்பு முதுகெலும்பு ஆரம்பிக்கும் இடம் ஒரு கீல் மாதிரி. அங்கே உள்ள எலும்பு நசுங்கும், சில நேரம் வெடிச்சுச் சிதறும். சிதறிய துண்டு பின்னாடி தண்டுவடத்தைக் குத்தும்.

குதிகால் எலும்பு உடைந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் உடைஞ்சிருக்கும் என்பது பாடம். இறுதியாண்டில் வாய்மொழித் தேர்வில் இதே கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொன்னவன்.

10/
இன்னொன்று. வரப்பில் வழுக்கினால் ஒரு கணுக்கால் பிசகலாம். மணிக்கட்டு உடையலாம். ரெண்டு குதிகாலும் ஒரே நேரத்தில் உடையாது. அவர் வாய் பொய் சொன்னது. அவர் கால் உண்மையைச் சொன்னது. எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாயை நம்பினேன்.

"எத்தனை அடி உயரத்துல இருந்து விழுந்தீங்க?" என்று அன்னைக்கு நான் கேட்கவே இல்லை.

11/
அவர் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகவில்லை. கட்டுப் போட்டாச்சு, ஊசி போட்டாச்சு என்று அதே வண்டியில் அதே மாதிரி உட்கார்ந்து வீட்டுக்குப் போயிட்டார். வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ரெண்டு பேர் தூக்கிக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாங்க. கால் வலிக்குதென்று அவர் எழுந்து நிற்கவே இல்லை. அதனால கால் பலம் குறைந்து வருவது யாருக்கும் தெரியவில்லை.

மூணாம் நாள் திரும்பி வந்தார். அடிவயிறு உப்பியிருந்தது. முந்தின நாள் மத்தியானத்தில் இருந்து ஒன்னுக்குப் போகலை. தொடையில் கிள்ளினால் தெரியலை.

12/
டியூப் போட்டதும் ஒன்றரை லிட்டர் சிறுநீர் வந்தது. 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்பு முதுகெலும்பில் முதல் எலும்பு சிதறி, தண்டுவடம் முடியும் இடத்தை அழுத்தியிருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்தது. ஸ்க்ரூ, ராடு வைத்தார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை. கால் முழுசாத் திரும்பலை.

13/
ஆபரேஷன் முடிந்து வார்டில் பார்க்கப் போனேன். மகன் வராந்தாவுக்குக் கூட்டிட்டு வந்து சொன்னான்.

"சார், அப்பா வரப்புல விழுகல. பரண்ல இருந்து விழுந்துச்சு. பதினாலு அடி."

"ஏன்டா அன்னைக்குச் சொல்லல?"

"பரண்னு சொன்னா ஆஸ்பத்திரியில எழுதுவாங்க, போலீசுக்குப் போகும், ஃபாரஸ்ட்டுக்குப் போகும், மான் அடிக்க ஏறுனோம்னு கேஸ் போட்டுருவாங்கன்னு பக்கத்துக் கொல்லைக்காரவுக சொன்னாக சார். நாங்க மான் அடிக்கிற ஆளுக இல்ல சார். கடலையைக் காக்கத்தான்…"

அவன் அழுதான்.

14/
கேட்டுக்கோங்க உறவுகளே. விபத்து என்று வந்தால் நாங்கள் விபத்துப் பதிவேட்டில் எழுதுவோம். ஏ.ஆர். என்று சொல்வோமே, அதுதான். எப்படி அடிபட்டது, எங்கே, எப்போது என்று எழுதுவது எங்கள் கடமை. "வெள்ளாமைக் காவலுக்கு இருந்தபோது பரணில் இருந்து தவறி விழுந்தார்" என்று எழுதினால் அது குற்றம் ஆகாது. உங்களுக்கு நடந்ததற்கான சாட்சி அது. பின்னால் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை என்று எதற்குப் போனாலும் அந்தக் காகிதம் உதவும்.

துப்பாக்கிக் காயம், நாட்டு வெடிக் காயம் என்றால் காவல்துறைக்குச் சொல்லத்தான் செய்வோம். அதை மறைக்க மாட்டேன். அப்பவும் வைத்தியம்தான் முதலில். எந்த டாக்டரும் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டாக்டரிடம் உயரத்தை மட்டும் மறைக்காதீங்க.

15/
ஏன் உயரத்துக்கு இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன்?

பள்ளிக்கூட இயற்பியல்தான். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால்:

6 அடியில் இருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்குச் சுமார் 22 கி.மீ.
10 அடி: சுமார் 28 கி.மீ.
14 அடி: சுமார் 33 கி.மீ.
20 அடி: சுமார் 39 கி.மீ.

வேகம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் உடம்பு வாங்கும் ஆற்றல் உயரத்தோடு நேராக ஏறும். 7 அடியைவிட 14 அடியில் சரியாக இரண்டு மடங்கு. 14 அடியில் இருந்து கீழே வர ஒரு நொடிகூட ஆகாது. "பிடிச்சுக்கலாம்" என்று நினைத்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

16/
எங்கள் துறையிலும் ஒரு "சட்ட உயரம்" மாதிரி உண்டு. விழுந்தவரை எந்த உயரத்துக்கு மேல் பெரிய காயமாகச் சந்தேகித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பணும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழிகாட்டு நெறி வைத்திருக்கிறார்கள். 2011 நெறியில் பெரியவர்களுக்கு 20 அடி. 2021 நெறியில் அதை எல்லா வயசுக்கும் 10 அடி என்று இறக்கிவிட்டார்கள்.

பிரிட்டனில் கட்டட வேலைக்கு 2 மீட்டர் என்று ஒரு எல்லை வெகுகாலம் இருந்தது. 2005இல் வந்த விதிகள் அந்த அளவையே எடுத்துவிட்டன. விழுந்தால் காயம்படும் என்றால் எந்த உயரமும் உயரம்தான் என்று வைத்துக்கொண்டார்கள்.

அளவு குறைந்துகொண்டே வருவதைப் பாருங்க. எலும்பு தேய்ந்த அறுபது, எழுபது வயசுக்காரருக்கு நின்ற இடத்தில் விழுந்தாலே முதுகெலும்பு நசுங்கும்.

17/
இப்போ என் ஊருக்கு வர்றேன்.

நான் குடுமியான்மலை. வெளியூர்க்காரங்களுக்கு மலையடிவாரக் கோயிலும் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டும் தெரியும். எங்களுக்கு மானாவாரிக் கொல்லையும் கடலையும் உளுந்தும்தான் பொழப்பு. சுத்துவட்டாரத்தில் தைலமரக் காடு நிறைய. அங்கே பகலில் படுத்திருக்கும் மான் இருட்டினதும் கொழுந்து மேய வரும். பன்னி வந்தால் காயோடு தோண்டிப் போட்டுவிடும். மயில் விதைத்ததைக் கிளறும். ஒரு ராத்திரி காவல் இல்லை என்றால் விதைச்செலவுகூட மிஞ்சாது.

"பரணே வேண்டாம், வீட்டில் படுங்க" என்று ஏ.சி. அறையில் இருந்து நான் சொன்னால் அது அநியாயம்.

18/
எங்க அப்பாவும் பரணில் படுத்தவர்தான். அந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். பதினாலு அடி என்றதும் அவர் கேட்டார்.

"கடலைக் கொல்லைக்கு எதுக்குடா பதினாலு அடி?"

"உயரமா இருந்தா ரெண்டு கொல்லையும் தெரியும்னு கட்டுனாங்களாம்ப்பா."

"மான் அடிக்கிறவன்தான்டா உசரத்துல ஏறி ஒளிஞ்சு உக்காருவான். அவன் வாடை மானுக்குத் தெரியக் கூடாது. காவக்காரன் எதுக்கு ஒளியணும்? நான் இங்கெ இருக்கேன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானே அது வராது."

19/
நான் படித்த எந்தப் பாடத்தையும்விட இது எனக்குத் தெளிவாக இருந்தது.

வேட்டைப் பரணுக்கு உயரம் வேண்டும். மானின் மூக்குக்கும் கண்ணுக்கும் தப்பணும், தோட்டா கீழ்நோக்கிப் போகணும். காவல் பரணின் வேலை அதற்கு நேர் எதிர். உங்க வாடை அடிக்கணும், சத்தம் கேட்கணும், வெளிச்சம் தெரியணும்.

சங்க இலக்கியத்தில் தினைப்புனம் காக்கும் பெண் இதணத்தில் உட்கார்ந்திருப்பாள். இதணம் என்றால் பரண்தான். அவள் கையில் கவண் இருக்கும், தட்டை இருக்கும். தட்டுவாள், கத்துவாள், பாடுவாள். ஒளிய மாட்டாள். நம்ம விராலிமலை முருகனின் வள்ளியும் அப்படித் தினைக்காவல் இருந்தவள்தானே.

20/
அதனால் இன்பாக்ஸ் தம்பிக்கு என் பதில் இதுதான்.

கடலை, உளுந்து முழங்கால் உயரம்கூட வராது. அதைப் பார்க்க 5, 6 அடித் தட்டு போதும். நீங்க மேலே உட்கார்ந்தால் கண் தன்னால எட்டு அடிக்கு மேல் போயிடும். பாம்புக்கும் பன்னிக்கும் அந்த உயரம் போதும்.

சோளம், மக்காச்சோளம் என்றால் கதிர் உயரம் வரை போகவேண்டி வரும். அப்போதும் 8 அடிக்கு மேல் யோசிங்க. ஒரு உயரப் பரணுக்குப் பதில் ரெண்டு தாழ்ந்த பரண் கட்டினால் காவலும் கூடும், ஆபத்தும் குறையும்.

இது சட்டம் இல்லை. விழுந்தவர்களைப் பார்க்கிற ஒரு டாக்டரின் கணக்கு.

21/
கட்டும்போது கவனிக்க:

- தட்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பு கட்டுங்க. தூக்கத்தில் உருள்பவர்கள் நிறைய.
- ஏணியைத் தட்டோடு சேர்த்துக் கட்டுங்க. ஏணி தட்டுக்கு மேலே ரெண்டு, மூணு அடி நீண்டு நிற்கணும். மாறும் நேரத்தில் கை பிடிக்க அதுதான்.
- பழைய கயிறு, கரையான் பிடித்த கால் மரம், மட்கிய பனமட்டை எல்லாவற்றையும் ஒவ்வொரு வெள்ளாமைக்கும் மாற்றுங்க.
- கீழே கல்லு, கட்டை, மண்வெட்டி போட்டு வைக்காதீங்க.

22/
ஏறுபவர் கவனிக்க:

பெரும்பாலானவர்கள் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போது, இறங்கும்போது, ஏணியில் இருந்து தட்டுக்கு மாறும்போதுதான் விழுகிறார்கள்.

- கையில் எதையும் பிடித்துக்கொண்டு ஏறாதீங்க. டார்ச்சு, தூக்குச்சட்டி, போர்வையைக் கயிற்றில் கட்டி மேலே இழுங்க.
- ரெண்டு கையும் ஒரு காலும், இல்லைன்னா ரெண்டு காலும் ஒரு கையும் எப்பவும் ஏணியில் இருக்கணும்.
- குடித்துவிட்டு ஏறாதீங்க.
- வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள் ஏறவே வேண்டாம்.
- இடுப்பில் மட்டும் கயிறு கட்டிக்கொள்வது பாதுகாப்பு இல்லை. தொங்கினால் வயிற்றையும் மூச்சையும் அழுத்தும். கட்டட வேலைக்காரர்கள் போடும் முழு உடம்பு பெல்ட்டுதான் சரி. அதிலும் வெகுநேரம் தொங்கினால் ஆபத்து. தனியாக இருக்காதீங்க, போனைச் சட்டைப்பையில் வைங்க.

23/
இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்லிடுறேன்.

ஐம்பது வயசு தாண்டிய ஆம்பளைகளுக்கு ராத்திரி ரெண்டு, மூணு தடவை ஒன்னுக்குப் போக எழவேண்டி வரும். புராஸ்டேட் வீக்கம், சுகர், பிரஷருக்குப் போடும் நீர் மாத்திரை என்று பல காரணம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இருட்டு, மழை, ஈர ஏணி.

நம்ம பெரியவர் அப்படித்தான் விழுந்தார். ராத்திரி மூணு மணிக்கு ஒன்னுக்குப் போக இறங்கும்போது மேலிருந்து ரெண்டாவது படி வழுக்கியது.

பரணில் ஒரு வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பா வைங்க. சிரிக்காதீங்க. இந்த த்ரெட்டிலேயே ரொம்பச் செலவு கம்மியான வைத்தியம் இதுதான்.

24/
மீறி யாராவது விழுந்துட்டா:

- எழுப்பி உட்கார வைக்காதீங்க. நடக்க வைத்துப் பார்க்காதீங்க. தண்ணி கொடுக்காதீங்க.
- 108ஐக் கூப்பிடுங்க. "உயரத்தில் இருந்து விழுந்துட்டார், இத்தனை அடி" என்று சொல்லுங்க.
- தண்ணியோ தீயோ போன்ற ஆபத்து இல்லாதவரை விழுந்த இடத்திலேயே படுக்க வைங்க. மழை என்றால் மேலே தார்ப்பாய் பிடிங்க.
- தூக்கியே ஆகணும் என்றால் நாலு பேர் சேருங்க. ஒருத்தர் தலையையும் கழுத்தையும் மட்டும் பிடிக்கணும். மரக்கட்டையை உருட்டுவது போல மொத்த உடம்பையும் ஒரே நேரத்தில் திருப்பி, கதவு மாதிரி தட்டையான பலகையில் வைங்க. தொய்வான கயித்துக் கட்டிலில் போடாதீங்க. தோளையும் காலையும் பிடித்து மடக்கித் தூக்காதீங்க.
- டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவராதீங்க. தயவுசெய்து.

25/
ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவை நாலு:

ஒன்று, எத்தனை அடி.
ரெண்டு, எது முதலில் தரையில் பட்டது.
மூணு, கால் மரத்துப் போகுதா, பலம் குறையுதா.
நாலு, விழுந்த பிறகு ஒன்னுக்குப் போனாரா.

டாக்டர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்க. அந்த நேரத்தில் அவர் பதினெட்டு மணி நேரமாக முழிச்சிருக்கலாம். "முதுகையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்க. என்னைப் போன்ற ஒருத்தன் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

26/
இளம் டாக்டர் தம்பி, தங்கைகளுக்கு: குதிகால் உடைஞ்சிருந்தா முதுகைத் தட்டுங்க. சொன்ன கதையும் காயமும் பொருந்தலைன்னா கதையை விட்டுட்டுக் காயத்தை நம்புங்க. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிட்டு, "என்னிடம் சொன்னால் கேஸ் ஆகாது, சொல்லாவிட்டால் கால் போயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். அன்னைக்கு எனக்கு அந்த ரெண்டு நிமிஷம் இருந்தது.

27/
பயிர்ச் சேதத்துக்கு: வனவிலங்கால் வெள்ளாமை அழிந்தால் நிவாரணம் கேட்டு வனத்துறைக்கு மனு கொடுக்கலாம். போட்டோ எடுங்க, வி.ஏ.ஓ.விடம் காட்டுங்க, வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. அலைச்சல் உண்டு, தெரியும். ஆனா வேலியில் கரண்டு இழுத்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மானுக்கு முன்னாடி நம்ம வீட்டுப் பிள்ளையே மாட்டும். அது குற்றமும்கூட.

28/
போன மாசம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்கிறார். கால் உணர்வு அரைகுறை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் போட்டு சிறுநீர் எடுக்கிறார். படுக்கைப் புண் வராமல் அவர் மனைவி ராத்திரியில் ரெண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் படுக்க வைக்கிறார். முன்னாடி அவர் கடலைக்குக் காவல். இப்போ அந்த அம்மா அவருக்குக் காவல்.

29/
கிளம்பும்போது கேட்டார்.

"அன்னைக்கே பரண்னு சொல்லியிருந்தா என் காலு நின்னிருக்குமா தம்பி?"

மழுப்ப நினைத்தேன். முடியலை. "அன்னைக்கு விரலை ஆட்டுனீங்கய்யா. நரம்பு அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அசையாமப் படுக்க வெச்சு அனுப்பியிருந்தா பெரும்பாலும் நின்னிருக்கும். நீங்க சொல்லலைன்னாலும் நான் முதுகைப் பார்த்திருக்கணும். தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "விடுங்க தம்பி. நானும்தானே பொய் சொன்னேன்" என்றார்.

ரெண்டும் ஒன்றில்லை. அவர் பயத்தில் பொய் சொன்னார். நான் அவசரத்தில் கேட்காமல் விட்டேன். பயம் அவரோடது. கேட்கிற வேலை என்னோடது.

30/
மகன் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனான். பழைய பரண் இல்லை. அதே தைலமரக் காலை அறுத்து ஆறடிக்குப் புதுசாக் கட்டியிருக்கான். சுத்தி கைப்பிடி, கட்டி வைத்த ஏணி, மேலே கீத்து. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"மான் வருதாடா?"

"வருது சார். தகரத்தைத் தட்டுனா நின்னு பாக்குது. அப்புறம் போயிருது."

உங்க ஊரில் பரண் உள்ள ஒவ்வொருத்தருக்கும் இதை அனுப்புங்க. உயரத்தைக் குறைங்க. விழுந்தால் உயரத்தை மறைக்காதீங்க.



குடுமியான்மலையில் இருந்து,
உங்கள் அரசு மருத்துவர்